வளைவு புதிதாக வந்தது என்றால்

தம்பி, 4 மாதமாக ஆண்குறி விறைக்கும்போது மேல்பக்கம் வளைந்து வலிக்கிறது, தோலுக்கு அடியில் பயறு மாதிரி ஏதோ தட்டுப்படுகிறது, புற்றுநோயோ என்று கேட்டிருந்தீர்கள். நீங்கள் சொல்வது பெய்ரோனி நோய் போல இருக்கிறது, அது புற்றுநோய் இல்லை; உள்ளே இருக்கும் உறையில் தழும்பு விழுந்து, அந்தப் பக்கம் நீளாததால்தான் வளைகிறது. பிறவி வளைவில் கட்டி தட்டுப்படாது. சந்தைப்பக்கம் விற்கும் எண்ணெயைப் பூசி, கையால் நிமிர்த்தப் பார்க்காதீர்கள், இன்னும் கெடும். திருமலைப் பெரியாஸ்பத்திரியில் காட்டி யூரோலஜிக்கு (சிறுநீர், ஆண்குறி நோய்களைப் பார்க்கும் பிரிவு) அனுப்பும் துண்டுச்சீட்டு கேளுங்கள், அப்புறம் விறைத்த நிலையில் போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டு போங்கள் (வெட்கமாகத்தான் இருக்கும், ஆனால் கோணத்தைப் பார்க்க அது வேண்டும்). வலி பெரும்பாலும் தானாகவே குறையும். ஆபரேஷன் என்றால் வளைவு சில மாதம் மாறாமல் நின்ற பிறகுதான், அதிலும் நீளம் கொஞ்சம் குறையலாம். சுகரும் பார்த்துவிடுங்கள்.