பூ கறுத்தால் பக்தி குறைவா?

வெள்ளவத்தையிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "வெள்ளிக்கிழமைகளில் கோயிலில் ஐயர் தரும் பூவைப் புத்தகத்துக்குள் அழுத்தி, அட்டையில் ஒட்டிச் சாமியறையில் வைக்கிறேன். அதைச் செய்யும்போது மனம் அமைதியாகிறது. ஆனால் இரண்டு வாரத்துக்குள் பூ பழுப்பாகிவிடுகிறது, சிலதில் பூஞ்சணமும் பிடிக்கிறது. பூ அழுத்தக் கற்றுத்தரும் ஒரு வகுப்பில் கேட்டேன். 'உங்களுக்கு மனம் ஒருமுகப்படவில்லை, சக்தி போதாது' என்று சொல்லி, தீட்சையும் சான்றிதழும் வெளிநாட்டுப் பெட்டியும் சேர்த்துப் பெரிய தொகை கேட்கிறார்கள். குறை என்னிடமா? கோயில் பூவை இப்படி வைத்திருப்பதும் குற்றமா?"

குறை உங்களிடம் இல்லை, அம்மா. பூவில் தண்ணீர் இருந்திருக்கிறது, அவ்வளவுதான். நசுங்கிய இதழில் காற்றுப் பட்டால், நறுக்கி வைத்த வாழைக்காய் கறுப்பதுபோல அதுவும் கறுக்கும். அதற்கு முன் இதழை உலர்த்திவிட்டால் நிறம் பெரும்பாலும் நிற்கும். குளிர்நாட்டுக்காரர்கள் புத்தகத்துக்குள் வைத்து மூன்று வாரம் மறந்துவிடலாம். கொழும்பில், அதுவும் கடலுக்குப் பக்கத்தில், அந்தப் புத்தகமே ஈரமாக இருக்கும். மே முதல் செப்டெம்பர் வரையும், ஒக்டோபர், நவம்பர் மழையிலும் சொல்லவே வேண்டாம். ஜனவரி, பெப்ரவரிதான் இந்த வேலைக்கு வசதியான மாதங்கள்.

உங்கள் பூ கோயிலிலிருந்து வருவதால் இன்னொரு சங்கடமும் உண்டு. பூக்காரர் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருப்பார். அபிஷேகத்தில் பாலோ சந்தனமோ பட்ட பூ நிச்சயம் பூஞ்சணம் பிடிக்கும், அதை அழுத்தவே வேண்டாம். அர்ச்சனைத் தட்டில் இருந்த, நனையாத பூவாகப் பாருங்கள். வீட்டுக்கு வந்ததும் பருத்தித் துணியில் பரப்பி, மின்விசிறிக்குக் கீழே அரை மணி நேரம் விடுங்கள். செவ்வரத்தை என்றால் பின்னாலுள்ள பச்சைக் கிண்ணத்தை பிளேடால் சீவிவிட வேண்டும். ஈரம் தங்குவது அங்கேதான். பூவின் இரு பக்கமும் மை ஒற்றும் தாள், அதற்கு வெளியே பத்திரிகைத் தாள், அடுக்குக்கு அடுக்கு நடுவே நெளி வைத்த கார்ட்போர்ட். பளபளப்பான சஞ்சிகைத் தாள் ஈரத்தை உறிஞ்சாது. மேலும் கீழும் பலகை வைத்து, மேலே இரண்டு செங்கல். கார்ட்போர்டின் நெளிவுக்குள் காற்றுப் போகும்படி மின்விசிறியைப் பக்கவாட்டில் திருப்பி வையுங்கள்.

முதல் மூன்று நாளும் காலையிலும் இரவிலும் தாளை மாற்ற வேண்டும். முக்கால்வாசி வேலை இதுதான். எடுத்த தாளை அயன் பண்ணி, ஆறவிட்டுத் திரும்பப் பாவிக்கலாம். மெல்லிய பூ ஒரு வாரத்துக்குள் தயாராகிவிடும். இதழை மெதுவாக மேல் உதட்டில் வைத்துப் பாருங்கள், குளிர்ந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது என்று அர்த்தம். விளக்கு வைக்கும் நேரத்தில் இந்தத் தாள் மாற்றுவதை ஒரு நியமமாக வைத்துக்கொண்டால், நீங்கள் தேடும் அமைதி எந்தத் தீட்சையும் இல்லாமல் அங்கேயே கிடைக்கும். என் அனுபவத்தில் இந்தக் கலையின் வழிபாட்டுப் பக்கம் அதுதான்.

போகன்வில்லா, கொன்றை, வில்வ இலை, அறுகம்புல் எல்லாம் நன்றாக நிற்கும். செவ்வரத்தை கருஊதாவாக மாறும், அதை ஏற்றுக்கொள்ளுங்கள். மல்லிகை கறுக்கும். அதற்கு ஒரேயொரு விலக்கு உண்டு, அதை எல்லோரும் பிழையாகச் செய்வதால் விளக்கமாகவே சொல்கிறேன். உங்கள் சொந்தச் செடியில் மாலையில் அப்போதுதான் விரிந்த, ஒற்றை அடுக்குப் பூவாக இருக்க வேண்டும். மொட்டு ஆகாது, அடுக்கு மல்லிகை ஆகாது. நாரில் தொடுத்தது ஆகவே ஆகாது, தொடுத்த இடம் முதலில் கறுக்கும். குழலை வெட்டிவிட்டு, இரண்டு ஒற்றுத்தாளுக்கு நடுவே வைத்து, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் மணிகள் போட்ட இறுக்கமான டப்பாவில் மூட வேண்டும். அப்போதும் வெள்ளை கிடைக்காது, தந்த நிறம்தான். எடுத்த அன்றே கண்ணாடிக்குள் அடைக்க வேண்டும், திறந்து வைத்தால் ஈரத்தைத் திரும்பக் குடிக்கும். நீல நிற ஜெல் மணிகளில் கோபால்ட் குளோரைட் என்ற நச்சு இருப்பதால் செம்மஞ்சள் நிற மணியைக் கேட்டு வாங்குங்கள்.

இப்போது அந்த வகுப்புக்கு வருவோம். பூ கறுப்பதற்கு உங்கள் மனதைக் காரணம் காட்டுகிறவர் பூவைப் பற்றி ஒன்றும் தெரியாதவர், அல்லது தெரிந்தே ஏமாற்றுகிறவர். அந்த வெளிநாட்டுப் பெட்டியில் வழக்கமாக இருப்பவை இரண்டு பலகை, நான்கு திருகாணி, கொஞ்சம் ஒற்றுத்தாள், ஒரு இடுக்கி. புறக்கோட்டையில் ஒரு காலையில் எல்லாவற்றையும் வாங்கிவிடலாம். 'யப்பானிய முறை' என்று சொல்லிக்கொண்டு லெமினேட் பண்ணித் தருகிறவர்களும் இருக்கிறார்கள். யப்பானின் பூ அழுத்தும் கலையான ஓஷிபனாவில் படத்தைக் கண்ணாடிக்குள் காற்றுப் புகாமல் அடைத்து, ஈரம் உறிஞ்சும் பொருளும் வைக்கிறார்கள். சரியாக உலராத பூவை லெமினேட் பண்ணினால் ஈரம் உள்ளேயே அடைபட்டுப் போகும். பூவை ரெசின் என்ற செயற்கைப் பிசினுக்குள் பதித்து 'ஆயுட்கால உத்தரவாதம்' தருகிறேன் என்கிறவரையும் நம்பாதீர்கள், ரெசின் மஞ்சளாகும். சான்றிதழ் என்றால், மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் அந்த நிலையம் பதிவாகியிருக்கிறதா என்று கேளுங்கள். ஒரு பிரிண்டரும் தங்க நிற முத்திரையும் இருந்தால் இந்த நாட்டில் யாரும் குருவாகலாம் என்ற நிலைமையை இத்தனை காலம் விட்டு வைத்திருப்பது எனக்குப் பொறுக்கவில்லை. ஏமாறுவது பெரும்பாலும் உங்களைப் போலத் தனியே பிரார்த்தனை செய்கிற பெண்கள்தான்.

கோயில் பூ விஷயம்: சிவனுக்குச் சாத்திக் களைந்த நிர்மாலியம் சண்டேசுவரருக்கு உரியது. அவர் சந்நிதியில் வெறுங்கையைக் காட்டி, எதையும் எடுத்துப் போகவில்லை என்று சொல்லிவிட்டு வருவது அதனால்தான். ஐயர் தாமாக உங்கள் கையில் தந்த பூ பிரசாதம், அதை வைத்திருப்பதில் குற்றம் இல்லை. களைந்த குவியலிலிருந்து எடுக்காதீர்கள். சந்தேகம் இருந்தால் உங்கள் கோயில் ஐயரையே கேளுங்கள்.

முடித்த படத்தை வெயில் படாத சுவரில், விளக்குப் புகையும் கற்பூரப் புகையும் எட்டாத தூரத்தில் மாட்டுங்கள். அந்த வகுப்புக்கு ஏற்கெனவே முற்பணம் கட்டியிருந்தால் ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொண்டு, எழுத்தில் பணத்தைத் திரும்பக் கேளுங்கள். தர மறுத்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 இலக்கத்துக்கு அழையுங்கள்.