காட்டுச் சுற்றுலா விலங்குகளுக்குச் செய்யும் கேட்டை நையாண்டியால் உணர்த்த முடியுமா?

முடியும். அறிவுரை என்றால் நழுவுகிறவரும் நையாண்டி என்றால் நின்று கேட்பார். எங்கள் திருநெல்வேலிப் பக்கத்து வில்லுப்பாட்டில், குடத்துக்காரர் 'ஆமா' போடப் போட, ஊர்க்குறையெல்லாம் சிரிப்போடு வெளியே வந்துவிடும்.

1988 முதல் புலிகள் காப்பகமாக இருக்கும் களக்காடு முண்டந்துறைக் காட்டை ஒட்டியது பாபநாசம். அங்கே ஒருவர் செல்ஃபிக்காக சிப்ஸ் பாக்கெட்டை நீட்டி, குட்டியைச் சுமந்த குரங்கை கார் சன்னல் வரை வரவழைத்தார். காலி பாக்கெட்டின் உட்புறத்தைக் குட்டி நக்கிக்கொண்டிருந்தது. இப்படிப் பழகிய குரங்குகள்தான் சாலைக்கு வந்து வண்டியில் அடிபடுகின்றன.

சிரிப்பு மனிதன் மேல் விழ வேண்டும். குரங்குச் சேட்டையைக் காட்டிச் சிரிக்க வைத்தால் வேலை கெட்டது. அதனால் காட்சியைப் புரட்டுங்கள். குரங்குகள் டிக்கெட் எடுத்து ஊருக்குள் வருகின்றன. பந்தியில் சாப்பிடுகிறவர்களைச் சுற்றி நின்று போட்டோ எடுக்கின்றன. அப்புறம், நம் பிள்ளையின் வாயில் ஏதோ காட்டுக்காயைத் திணிக்கின்றன.