கட்டம் வந்துச்சா?

கேள்வி: எனக்கு 64 வயது, பணி ஓய்வு பெற்றவன். நியூஜெர்சியில் இருக்கும் மகளும் நானும் மூன்று வருடமாகத் தினமும் வேர்டில் (ஐந்தெழுத்து ஆங்கிலச் சொல் ஒன்றை ஆறு முயற்சிக்குள் கண்டுபிடிக்கும் இணைய விளையாட்டு) விளையாடி, முடிவைக் காட்டும் வண்ணக் கட்டத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பிக்கொள்வோம். சில மாதங்களாக, 'இன்னின்ன எழுத்துள்ள ஐந்தெழுத்து வார்த்தைகள்' என்று இணையத்தில் வரும் பட்டியலைப் பார்த்துப் போட்டுவந்தேன். மகள் கண்டுபிடித்துவிட்டாள். 'லிஸ்ட் பாத்துப் போடறீங்கப்பா' என்று எழுதியவள், 19 நாளாகக் கட்டம் அனுப்புவதே இல்லை. ஞாயிற்றுக்கிழமை போனில் பேசுவதோடு சரி. என் மனைவிக்கு ஆங்கிலம் தெரியாது, அவளுக்கு இதில் சம்பந்தமில்லை. சாயங்காலம் காபி கொடுக்கும்போது 'கட்டம் வந்துச்சா?' என்று மட்டும் கேட்பாள். மகள் பிஸி என்று சொல்லிவைத்திருக்கிறேன். பட்டியல் பார்ப்பது அவ்வளவு பெரிய தப்பா? பெற்ற அப்பா மகளிடம் மன்னிப்புக் கேட்க வேண்டுமா?
- மதுரை வாசகர்

பதில்: பட்டியல் விஷயத்தை முதலில் முடித்துவிடலாம். சீட்டிலும் கேரமிலும் சொந்தப் பிள்ளைகளை ஏமாற்றிவிட்டு 'விளையாட்டுதானே' என்று எழுதும் அப்பாக்கள் எனக்குப் புதிதல்ல. பட்டியலை உட்கார்ந்து மனப்பாடம் செய்திருந்தால் அது உழைப்பு. நியூசிலாந்தில் பிறந்த நைஜல் ரிச்சர்ட்ஸ், பிரெஞ்சு பேசத் தெரியாமலே அகராதிச் சொற்களை மனப்பாடம் செய்து 2015-ல், எழுத்துகளை அடுக்கிச் சொல் அமைக்கும் ஸ்கிராபிள் ஆட்டத்தில் பிரெஞ்சு உலகப் பட்டத்தை வென்றார். நீங்கள் பார்த்து எழுதியதை யோசித்து எழுதியதாகக் காட்டினீர்கள். தப்புதான். கேளுங்கள் மன்னிப்பு. வயதைக் காரணம் காட்ட வேண்டாம்.

நீங்கள் சம்பந்தமில்லை என்று தள்ளிவிட்ட உங்கள் மனைவியைப் பற்றித்தான் எனக்குப் பேச வேண்டும்.

வேர்டிலில் அந்தந்த ஊரின் நள்ளிரவில் புதுச் சொல் வரும். நீங்கள் காலையிலேயே போட்டுவிடலாம். அதே சொல் நியூஜெர்சியில் திறக்கும்போது இங்கே காலை ஒன்பதரையோ பத்தரையோ ஆகியிருக்கும். உங்கள் மகள் தூங்கி எழுந்து, வேலைக்குக் கிளம்புகிற அவசரத்தில் போட்டு அனுப்பும்போது மதுரையில் காபி நேரம். சரியாக அந்த நேரத்தில்தான் உங்கள் மனைவி கேட்கிறார். மூன்று வருடமாகக் கேட்கிறார். எத்தனையாவது முயற்சியில் போட்டாள் என்றா கேட்கிறார்? பிள்ளை எழுந்துவிட்டாள், உடம்பு நன்றாக இருக்கிறது, அப்பாவை நினைக்கும் அளவுக்கு மனது லேசாக இருக்கிறது. இத்தனையும் அந்த ஒரு கட்டத்தில் அவருக்குத் தெரிந்துவிடும். அதற்கு ஆங்கிலம் எதற்கு? கட்டங்களுக்குள் ஒரு எழுத்துகூடக் கிடையாது. எழுத்து சரியான இடத்தில் இருந்தால் பச்சை, இடம் மாறியிருந்தால் மஞ்சள், சொல்லிலேயே இல்லையென்றால் கறுப்பு, அவ்வளவுதான்.

நான் மிகைப்படுத்துவதாக நினைக்காதீர்கள். 2022 பிப்ரவரியில், சிகாகோவை ஒட்டிய ஓர் ஊரில் 80 வயது அம்மா ஒருவரின் வீட்டுக்குள் ஒருவன் புகுந்து, அவரைக் கீழ்த்தளக் குளியலறையில் அடைத்துவிட்டான். சுமார் 17 மணி நேரம் அங்கேயே கிடந்தார். தொலைவில் சியாட்டிலில் இருந்த மகளுக்குச் சந்தேகம் வர ஒரு காரணம், அம்மாவிடமிருந்து அன்றைய வேர்டில் வரவில்லை என்பது. போலீஸ் போய் மீட்டது. கட்டம் வராவிட்டால் வீட்டில் ஒருத்தி கலங்குவாள் என்பது அந்தக் குடும்பத்துக்குத் தெரிந்திருந்தது.

உங்கள் வீட்டில் 19 நாளாகக் கட்டம் வரவில்லை. கலங்கி நிற்பவரிடம் நீங்கள் 'அவ பிஸி' என்கிறீர்கள். பட்டியல் பார்த்ததைவிட இந்தப் பொய்தான் எனக்குக் கோபத்தை வரவழைக்கிறது. தப்பு உங்களுடையது, அதை மறைக்க மகள் தலையில் பழியைப் போட்டுவிட்டீர்கள். 'பெத்த அம்மாவுக்கு ஒரு நிமிஷம் ஒதுக்க முடியலையா' என்று அவர் உள்ளுக்குள் வெந்துகொண்டிருப்பார். சண்டை உங்களுக்கும் மகளுக்கும், ஆனால் தண்டனையை அனுபவிப்பது அவர்.

இந்த விளையாட்டு எப்படி வந்தது தெரியுமா? நியூயார்க்கின் புரூக்ளினில் இருந்த ஜோஷ் வார்டில் என்ற மென்பொருள் பொறியாளர், சொல் விளையாட்டில் பிரியமான தன் துணைவி பாலக் ஷாவுக்காகச் செய்தது. ஆங்கிலத்தில் சுமார் 12,000 ஐந்தெழுத்துச் சொற்கள் உண்டு. தெரிந்தது, தெரியாதது என்று ஒவ்வொன்றாகப் பார்த்து, அதைச் சுமார் 2,500 ஆகக் குறைத்தவர் பாலக். முதலில் இருவரும் விளையாடினார்கள், பிறகு குடும்பத்து வாட்ஸ்அப் குழுவுக்குப் போனது, 2021 அக்டோபரில்தான் எல்லோருக்கும் திறந்தார்கள். 2022 ஜனவரியில் நியூயார்க் டைம்ஸ் விலைக்கு வாங்கியது. ஒரு மனிதர் வீட்டுப் பெண்ணோடு சேர்ந்து விளையாடச் செய்த ஒன்றை, நீங்கள் வீட்டுப் பெண்ணை வெளியே நிறுத்திவிட்டு விளையாடியிருக்கிறீர்கள்.

ஆங்கிலம் தெரியாது என்கிறீர்களே, அதையும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். வேர்டில் ஆடுகிறவர்கள் அதிகம் மாட்டிக்கொள்ளும் இடம் எது என்று உங்களுக்கே தெரியும். கடைசி நான்கு எழுத்தும் பச்சையாகிவிடும், முதல் எழுத்து மட்டும் பிடிபடாது. லைட், நைட், ரைட், டைட், ஃபைட். ஆங்கிலத்தில் எழுதினால் எல்லாம் ஐந்தெழுத்து, முதல் எழுத்தில்தான் வித்தியாசம். இதில் எந்தச் சொல் உங்கள் மனைவிக்குத் தெரியாது? 'நைட்டுக்கு என்ன செய்யட்டும்' என்று தினமும் உங்களைக் கேட்பவர் அவர்தானே? எழுத்துக்கூட்டத் தெரியாமல் இருக்கலாம். பக்கத்தில் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுங்கள், ஓய்வு பெற்றவருக்கு நேரமா இல்லை? அந்தப் பட்டியலை மூடிவிட்டு அவரைக் கேட்டிருந்தால் பாதி நாள் விடை கிடைத்திருக்கும்.

உங்கள் மகளுக்கும் ஒன்று சொல்வேன். அப்பாவோடு கோபம் என்றால் அப்பாவோடு வைத்துக்கொள்ளம்மா, காபி நேரத்தில் உன் கட்டத்துக்காகக் காத்திருப்பவர் உன் அம்மா. அவர் காத்திருப்பது அவளுக்குத் தெரியுமா என்றே எனக்குச் சந்தேகம். நீங்கள் சொன்னால்தானே தெரியும்?

ஞாயிறு வரை காத்திருக்க வேண்டாம். இன்று சாயங்காலம், அங்கே அவள் எழுந்திருக்கும் நேரம் பார்த்துக் கூப்பிடுங்கள். ஸ்பீக்கரில் போட்டு, மனைவியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பட்டியல் பார்த்ததையும், 'பிஸி' என்று சொன்னது பொய் என்பதையும் இருவரிடமும் சேர்த்துச் சொல்லுங்கள். உங்கள் மனைவி கையில் இன்னும் பட்டன் போன்தான் என்றால், இந்த மாத ஓய்வூதியத்தில் அவருக்கு ஒரு நல்ல போன் வாங்கி, மூவருக்குமாக ஒரு குழு ஆரம்பியுங்கள். நாளைக் காலை முதல் சொல்லை அவர் சொல்லட்டும். ஆறு முயற்சியும் வீணாகி வெறும் கறுப்புக் கட்டமாக வந்தாலும், அதை அவர் கையாலேயே மகளுக்கு அனுப்பச் சொல்லுங்கள்.