32 வாரத்தில் பிறந்த குழந்தையை நெஞ்சோடு வைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். பயமாக இருக்கிறது. தாய்ப்பாலும் சரியாக வரவில்லை. என்ன செய்வது?

தாராளமாக வையுங்கள். கங்காரு பராமரிப்பு என்பது இதைத்தான். டாக்டரே சொன்ன பிறகு யோசிக்கவே வேண்டாம். உங்கள் கேள்வியைப் பார்த்தால், வீட்டில் பெரியவர்கள் யாரோ "பச்சை உடம்பு, தொடாதே, கிருமி ஒட்டிக்கும்" என்று பயமுறுத்தியிருக்கிறார்கள் போலிருக்கிறது. எங்கள் வீட்டிலும் இதே பாட்டுத்தான்.

என் மகள் 31 வாரத்தில் பிறந்தாள். எடை 1,350 கிராம். மூக்கில் ஆக்சிஜன், வாயில் பால் குழாய், பாதத்தில் சென்சார். ஆரம்பத்தில் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்ததோடு சரி. மூச்சு நிதானப்பட்ட பிறகு ஒருநாள் சிஸ்டர் என்னைச் சாய்வு நாற்காலியில் உட்காரவைத்து, நைட்டி ஜிப்பை இறக்கச் சொன்னார். டயப்பர், தொப்பி, சாக்ஸ் மட்டும் போட்டிருந்த பிள்ளையை என் மார்புக்கு நடுவே நிமிர்த்தி வைத்தார். கைகால் தவளை மாதிரி மடங்கியிருக்கணும், தலை ஒருபக்கம் திரும்பியிருக்கணும், முகவாய் லேசாக உயர்ந்திருக்கணும், கழுத்து முன்னால் மடங்கினால் மூச்சு அடைபடும் என்று சொல்லிக்கொண்டே துணியால் சேர்த்துக் கட்டினார். மானிட்டரில் எகிறிக்கொண்டிருந்த நாடித்துடிப்பு கொஞ்ச நேரத்தில் இறங்கி நின்றது. அவள் விட்ட மூச்சு என் தொண்டைக்குழியில் சூடாகப் பட்டது. அதுவரை அவள் எனக்குப் பிறந்தவள் என்றே மனம் நம்பவில்லை.

பாலுக்கு வருகிறேன். எனக்கும் முதலில் சொட்டுதான். மஞ்சளாக வந்த சீம்பாலை சிரிஞ்சில் எடுத்தோம், அரை மில்லிகூட இருக்காது. அதையும் வீணாக்காமல் குழாய் வழியாகக் கொடுத்தார்கள். இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை, ராத்திரியும் சேர்த்து நாளைக்கு எட்டுத் தடவையாவது பீய்ச்சுங்கள். பிள்ளையை நெஞ்சிலிருந்து எடுத்த கையோடு பீய்ச்சியபோது எனக்கு நன்றாகவே வந்தது. உறிஞ்சுவது, விழுங்குவது, மூச்சுவிடுவது மூன்றும் ஒத்து வர, கர்ப்பக் கணக்கில் ஏறக்குறைய 34 வாரம் ஆக வேண்டும். அதுவரை குழாய், அப்புறம் பால் புகட்டும் பாலாடைச் சங்கு, பிறகுதான் நேரடியாக மார்பில். வாய் வைத்தும் குடிக்கவில்லை என்றால் உடனே "உனக்குப் பால் இல்லை" என்பார்கள். காதில் வாங்காதீர்கள்.

"அப்போ இன்குபேட்டரே வேண்டாமா?" என்று சிலர் கிளம்புவார்கள். நான் அப்படிச் சொல்லவில்லை. வென்டிலேட்டரில் இருக்கிற குழந்தைகள் கதை வேறு, அதை டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். பவுடர் பால் கொடுக்க நேர்ந்த அம்மாக்களையும் நான் குறை சொல்லவில்லை. ஆனால் நெஞ்சில் வைக்கும் இந்த முறையைக் கைவைத்தியம் என்று யாரும் ஒதுக்க வேண்டாம். 1978-ல் கொலம்பியாவின் பொகோட்டாவில், இன்குபேட்டர் பற்றாத ஆஸ்பத்திரியில் டாக்டர் எட்கர் ரே சனாப்ரியா தொடங்கிய முறை இது. டெல்லி சப்தர்ஜங் மருத்துவமனை உட்பட ஐந்து நாடுகளில் நடந்த ஆய்வு 2021-ல் வெளிவந்தது. ஒரு கிலோவிலிருந்து 1.8 கிலோவுக்குள் பிறந்த குழந்தைகளை, உடல்நிலை சீராகட்டும் என்று காத்திராமல் பிறந்தவுடனே நெஞ்சில் வைத்தார்கள். காத்திருந்து வைத்த குழந்தைகளில் 28 நாளுக்குள் இறப்பு 15.7 சதவீதம், உடனே வைத்தவர்களில் 12 சதவீதம்தான். 2022-ல் உலக சுகாதார நிறுவனமும் நாளைக்கு 8 முதல் 24 மணி நேரம் வரை வைக்கச் சொல்லிவிட்டது. என்னைக் கண்ணாடிக்கு வெளியே நிறுத்தியதை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது.

இன்னொரு ஆதங்கம். என் கணவர் லீவு கேட்டபோது அவர் மேனேஜர், "குழந்தைதான் ஐசியுவில் இருக்கே, நீ போய் என்ன பண்ணப்போறே?" என்றார். மத்திய அரசு ஊழியருக்கு 15 நாள் உண்டு. தனியார் கம்பெனியில் அப்பாவுக்கு லீவு கொடுக்கச் சட்டமே கிடையாது. எனக்குக் கிடைத்த 26 வாரப் பிரசவ லீவிலும் கணிசமான பங்கு ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே கரைந்தது. குறைமாதப் பிள்ளைக்கும் நிறைமாதப் பிள்ளைக்கும் ஒரே கணக்கு, என்ன நியாயம் இது?

அப்பாவும் நெஞ்சில் வைக்கலாம், அதற்காகத்தான் இதைச் சொன்னேன். உங்கள் வீட்டுக்காரர் வேலை முடிந்து வந்தால் சாயங்கால நேரத்தை அவரிடம் விட்டுவிட்டு நீங்கள் பீய்ச்சவும் தூங்கவும் போங்கள். குளித்துவிட்டு, சென்ட் பவுடர் எதுவும் போடாமல், முன்பக்கம் பட்டன் வைத்த சட்டையில் வரச் சொல்லுங்கள்.