சூட்டு வலி என்றால் என்ன? நிஜப் பிரசவ வலியிலிருந்து அதை எப்படிப் பிரித்தறிவது?

முதல் பிரசவத்தை நினைத்துப் பயப்படுகிறவர்கள் பெரும்பாலும் கேட்பது, "வலி வந்தால் எனக்குத் தெரியுமா?" என்பதுதான். தெரியும். குழப்புவது சூட்டு வலி, அதாவது பொய் வலி. கர்ப்பப்பை தசையால் ஆனது. கடைசி மாதங்களில் அது அவ்வப்போது இறுகித் தளர்ந்து பழகிக்கொள்கிறது, வயிறு கல் மாதிரி ஆகும், தண்ணீர் குடித்துவிட்டு இடப்பக்கமாகப் படுத்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். கல்யாண வீட்டில் தவில்காரர் வாரை இழுத்துவிட்டு இரண்டு தட்டுத் தட்டிப் பார்ப்பாரே, அது மாதிரி. கச்சேரி இன்னும் ஆரம்பிக்கவில்லை.

நிஜ வலிக்குத் தாளம் உண்டு. பலருக்கு இடுப்பில் பிடித்து முன்பக்கம் வரும், 10 நிமிடத்துக்கு ஒருமுறை, அப்புறம் 7, அப்புறம் 5 என்று நெருங்கும், படுத்தாலும் நடந்தாலும் விடாது. கடிகாரத்தைப் பார்த்து ஒரு தாளில் குறித்து வையுங்கள் (பயந்த மனசுக்கு அதுவும் ஒரு வேலை), 5 நிமிடத்துக்கு ஒன்று என்று வந்துவிட்டால் கிளம்பலாம். முதல் பிரசவம் பொதுவாகப் பல மணி நேரம் எடுக்கும், பதற வேண்டாம். ஆனால் 37 வாரத்துக்கு முன்பே இப்படி வந்தாலோ, இரத்தம் பட்டாலோ, குழந்தையின் அசைவு குறைந்தாலோ கணக்குப் பார்க்காமல் கிளம்புங்கள். வண்டி இல்லையென்றால் 108.

சினிமாவில் வருகிற மாதிரி பனிக்குடம் உடைந்துதான் வலி தொடங்கும் என்றில்லை, பெரும்பாலானவர்களுக்கு வலி ஏறிய பிறகுதான் உடையும். வலியே இல்லாமல் உடைந்தாலும் சரி, வலி வரட்டும் என்று காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.