போயிட்டு வர்றேன்: ஜப்பானியத் தொடர்கள் பற்றி ஒரு கடிதம்

அன்புள்ள அக்கா,

வணக்கம். என் பெயரை வெளியிட வேண்டாம். திருச்சியில் ஒரு வங்கிக் கிளையில் வேலை பார்க்கிறேன். ஊரடங்குக் காலத்தில் தூக்கம் வராத ஒரு இரவில் ‘மிட்நைட் டைனர்’ பார்க்க ஆரம்பித்தேன். அங்கிருந்து ‘நிகெஹஜி’, ‘குவார்டெட்’, ‘ஹன்சாவா நவோகி’ என்று போய்க்கொண்டே இருக்கிறது. வீட்டில் இதைப் பற்றிப் பேச ஆள் இல்லை. என் கணவர் பத்து நிமிடம் உட்காருவார், “இதுல என்னதான் நடக்குது?” என்று எழுந்து போய்விடுவார். தோழிகள் எல்லோரும் கொரியத் தொடர் பக்கம்.

எனக்குப் பிடித்தது, பத்து பதினொரு எபிசோடில் கதை முடிந்துவிடுவது. இழுத்தடிப்பு இல்லை. பிடிக்காதது இரண்டு. ஒன்று, சிலர் முகத்தை அஷ்டகோணலாக்கிக்கொண்டு கத்துகிறார்கள். இன்னொன்று, மற்றவர்கள் எல்லோரும் வாயையே திறப்பதில்லை. காதலைக்கூடச் சொல்ல மாட்டார்கள். குனிந்து வணங்கிவிட்டுப் போய்விடுகிறார்கள். மனம் திறந்து பேசத் தெரியாத மனிதர்களின் கதைகள் என்றே எனக்குத் தோன்றுகிறது. ஆனாலும் விட முடியவில்லை.

ஆங்கில சப்டைட்டில் வைத்துத்தான் பார்க்கிறேன். பாதிதான் எனக்கு வந்து சேர்கிறதோ என்று ஒரு குறை. தமிழ் டப்பிங் வரும் வரை காத்திருக்கலாமா? இல்லை, ஜப்பானிய மொழியே கற்றுக்கொள்ள வேண்டுமா?

உங்கள் வாசகி

*

அன்புத் தங்கைக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். இந்தத் தொடர்களோடு எனக்கும் நெடுநாள் பழக்கம். பேச ஆள் இல்லை என்று நீங்கள் எழுதியிருப்பது எனக்கும் நடந்ததுதான். ஆகையால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

கடைசியில் கேட்டதிலிருந்து தொடங்குகிறேன். பாதிதான் வந்து சேர்கிறது என்ற உங்கள் சந்தேகம் சரி. ஆனால் அந்த மீதிப் பாதி ஜப்பானிய மொழியில் மட்டும் பூட்டிக் கிடக்கவில்லை. அதில் நிறைய உங்கள் கையில் ஏற்கெனவே இருக்கிறது. நடுவில் நிற்கும் ஆங்கிலம்தான் அதை மறைக்கிறது.

எந்தத் தொடரிலும் வரும் ஒரு காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். காலையில் ஒருவர் வாசலில் உட்கார்ந்து ஷூ மாட்டிக்கொண்டு உள்ளே பார்த்து ஒரு வார்த்தை சொல்வார். இத்தேகிமாஸ். ஆங்கில சப்டைட்டில், நான் கிளம்புகிறேன் என்ற பொருளில் இரண்டு சொல் போட்டுவிட்டு நகர்ந்துவிடும். ‘இத்தே’ என்றால் போய். ‘கிமாஸ்’ என்றால் வருகிறேன். போயிட்டு வர்றேன்! உள்ளேயிருந்து பதில் வரும்: இத்தேரஷ்ஷாய், போயிட்டு வாங்க. வீட்டு வாசலில் நின்று ‘போறேன்’ என்று சொல்லிப் பாட்டியிடம் திட்டு வாங்காத பிள்ளை நம்மிடம் உண்டா? அந்த ஒரு சொல்லைச் சொல்லாமல் ஒரு பாத்திரம் கதவைச் சாத்திக்கொண்டு வெளியேறும்போது நம் வயிறு கலங்க வேண்டும். சப்டைட்டிலில் அந்த இடம் வெறும் மௌனமாக இருக்கும். நீங்களும் ‘வாயையே திறப்பதில்லை’ என்று எழுதுவீர்கள்.

இன்னும் இருக்கிறது. மிட்நைட் டைனரில் ஒரு தட்டை நகர்த்தி வைத்துவிட்டு ‘தபேதே மிதே’ என்பதுபோல் ஒரு பேச்சு வந்தால், அது ‘சாப்பிட்டுப் பாருங்க’ என்பதேதான். தபேதே, சாப்பிட்டு. மிதே, பார். ஆங்கிலத்தில் அங்கே முயற்சி என்ற சொல்தான் வரும், பார்ப்பது வராது. ‘தபேதே ஷிமத்தா’ என்றால் சாப்பிட்டுவிட்டேன், அந்த ‘விட்டேன்’ உட்பட. ‘கைதே ஓகு’ என்றால் எழுதிவைக்கிறேன். நம் வினையெச்சத்தின் மேல் இன்னொரு வினையை ஏற்றி மனநிலையைச் சொல்கிற வழக்கம் அவர்களிடமும் அப்படியே இருக்கிறது.

இதைச் சொன்னால் உடனே சிலர் சுசுமு ஓனோவை எடுத்துக்கொண்டு வருவார்கள். தமிழும் ஜப்பானியமும் உறவு மொழிகள் என்று பல ஆண்டுகள் வாதிட்ட ஜப்பானிய அறிஞர் அவர். மொழியியலாளர்களில் பெரும்பாலோர் அந்த முடிவை ஏற்கவில்லை. எனக்கும் அந்த வழக்கு தேவையில்லை. கொரிய மொழியிலும் ‘போய் வருகிறேன்’ என்றுதான் சொல்லிவிட்டுக் கிளம்புவார்கள், ‘சாப்பிட்டுப் பாருங்கள்’ என்றுதான் உபசரிப்பார்கள். உங்கள் தோழிகளிடம் சொல்லுங்கள், சந்தோஷப்படுவார்கள். இரத்த உறவு வேண்டாம், காது ஒத்துப்போனால் போதும்.

இப்போது உங்கள் பெரிய குற்றச்சாட்டு. மனம் திறந்து பேசத் தெரியாதவர்கள் என்கிறீர்கள். இதில் நான் உங்களோடு உடன்படவில்லை, அதுவும் நிகெஹஜி பார்த்துவிட்டு நீங்கள் இப்படி எழுதியது எனக்கு வருத்தம்தான்.

‘ஓடிப்போவது வெட்கக்கேடுதான், ஆனாலும் உதவும்’ என்பது அதன் முழுப்பெயரின் பொருள். 2016 அக்டோபர் முதல் டிசம்பர் வரை டிபிஎஸ் சேனலில் செவ்வாய்க்கிழமை இரவு பத்து மணிக்கு வந்தது. மிகுரிக்கு வேலை போய்விடுகிறது. ஹிராமஸா தன் வேலையும் தன் வீடுமாக ஒதுங்கி வாழும் கணினிப் பொறியாளர், அவளைவிடப் பத்து வயது மூத்தவர். வீட்டு வேலைக்கு வந்த அவளோடு சம்பளம் பேசி ஒப்பந்தக் கல்யாணம் செய்துகொள்கிறார். பதிவு செய்யாத கல்யாணம். கதை உங்களுக்குத் தெரியும், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

அவர்கள் ஒருவரை ஒருவர் எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்று கவனித்தீர்களா? மிகுரி சான். ஹிராமஸா சான். பெயரோடு அந்த மரியாதை ஒட்டு. வாக்கியத்தின் முடிவில் ‘தெஸ்’, ‘மாஸ்’ என்று மரியாதை விகுதி. அதாவது அவளும் ‘நீங்க’, அவரும் ‘நீங்க’. பழைய ஜப்பானியக் குடும்பத் தொடர்களில் கணவன் மனைவியை ‘ஒமாயே’ என்பான், அது ‘நீ’. மனைவி அவனை ‘அனாதா’ என்று கூப்பிடுவாள், கிட்டத்தட்ட நம் ‘என்னங்க’. மேலேயிருந்து கீழே ஒரு சொல், கீழேயிருந்து மேலே வேறு சொல். நம் வீடுகளில் இது எப்படி என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்த நாட்டில், அந்தப் பேச்சுப் பழக்கத்தின் நடுவில், பத்து வயது மூத்த ஒரு ஆண், தன்னிடம் சம்பளம் வாங்கும் பெண்ணை, கட்டிப்பிடிக்கிற நாளிலும் சண்டை போடுகிற நாளிலும் ‘நீங்க’ என்கிறார். செவ்வாய்க்கிழமை கட்டிப்பிடிக்கும் நாள் என்று அட்டவணை போட்டுக்கொண்ட பிறகும் அப்படித்தான். அந்தத் தொடரின் காதல் வசனம் இதுதான். எபிசோடுக்கு நூறு முறை சொல்லப்படுகிறது. ஆங்கிலத்தில் எல்லாமே ஒரே ‘யூ’ ஆகிவிடுவதால் உங்கள் காதில் விழவில்லை, அவ்வளவுதான்.

இதோடு பத்தாவது எபிசோடை மறுபடி பாருங்கள். முறைப்படி பதிவுத் திருமணம் செய்துகொள்ளலாம் என்று அவர் கணக்கோடு வந்து நிற்பார். சம்பளம் மிச்சமாகும், சேமிப்பு கூடும் என்று காட்டுவார். பிடித்திருக்கிறது என்பதற்காக வேலையை இலவசமாக வாங்கிக்கொள்வது அன்பைச் சுரண்டுவது என்று மிகுரி நேருக்கு நேர் சொல்வாள். மரியாதை விகுதி ஒன்றுகூடக் குறையாமல் சொல்வாள்! இதைவிட மனம் திறந்த பேச்சை நான் எந்த மொழித் தொடரிலும் அதிகம் கேட்டதில்லை. எழுதியவர் நோகி அகிகோ. அவருடைய ‘அன்நேச்சுரல்’ தொடரையும் (2018) பார்த்துவிடுங்கள். பிணக்கூறாய்வு செய்யும் மருத்துவர்களின் கதை, பத்தே எபிசோட்.

குவார்டெட்டில் வரும் எலுமிச்சம்பழத்தைப் பற்றி நீங்கள் ஒரு வரியும் எழுதாதது ஆச்சரியம். முதல் எபிசோடில் பொரித்த கோழி தட்டில் வருகிறது. கதையின் நான்கு இசைக்கலைஞர்களில் இருவர் கேட்காமல் எலுமிச்சையைப் பிழிந்துவிடுகிறார்கள். பிழிந்ததைத் திரும்ப எடுக்க முடியாது என்று இன்னொருவர் மனம் நொந்து வாதாடுகிறார். சிரித்துக்கொண்டே பார்க்கிறோம். அதே எபிசோடின் முடிவில் நால்வரில் ஒருத்தியான மாகி தன் கதையைச் சொல்கிறாள். கணவனுக்கு எப்போதும் எலுமிச்சை பிழிந்தே கொடுத்திருக்கிறாள். ஒரு நாள் உணவகத்தில் அவன் கூட இருந்தவரிடம், எனக்கு எலுமிச்சை பிடிக்காது என்று சொல்வது அவள் காதில் விழுகிறது. அதற்குப் பின்னால் மனைவியைப் பற்றியும் ஒன்று சொல்கிறான்: அன்பு இருக்கிறது, ஆனால் பிடிக்கவில்லை. இதை ஆங்கிலத்தில் சொன்னால் ஏதோ புதிர் மாதிரி இருக்கும். தமிழில் புதிரே இல்லை. நம் அத்தைமார் பெரியம்மாமார் எத்தனை பேர் அந்த வாக்கியத்துக்குள் குடும்பம் நடத்தினார்கள்! எழுதிய சகாமோதோ யூஜிதான் பிறகு ‘மான்ஸ்டர்’ படத்துக்காக 2023இல் கான் திரைப்பட விழாவில் சிறந்த திரைக்கதை விருது வாங்கினார்.

கத்தல் பற்றிச் சுருக்கமாக. வங்கிக் கதையான ஹன்சாவா நவோகியில் முகங்கள் அப்படி முறுக்கிக்கொள்வதற்குப் பின்னால் கபுகி என்ற ஜப்பானின் மரபு நாடக மேடை இருக்கிறது. தொடரில் வரும் சில முக்கிய நடிகர்கள் கபுகிக்காரர்களேதான். 2013இல் கடைசி எபிசோடைக் தோக்கியோவைச் சுற்றிய கான்டோ வட்டாரத்தில் 42.2 சதவீத வீடுகள் பார்த்தன. வங்கி மேலதிகாரி தரையில் மண்டியிட்டு மன்னிப்புக் கேட்கும் காட்சிக்காகத்தான் அத்தனை வீடும் காத்திருந்தது. வங்கியில் வேலை பார்க்கும் உங்களுக்கு அது பிடிக்காமல் போனது எனக்குப் புரியவில்லை. ஆனால் எல்லாத் தொடரிலும் இந்த நடிப்பைப் போட்டு ஒப்பேற்றுகிறார்கள் என்றால், அங்கே நீங்கள் சொல்வது சரி. மங்கா என்ற படக்கதைகளிலிருந்து எடுக்கும் நகைச்சுவைத் தொடர்களில் எனக்கும் அது சலிப்புத்தான்.

பத்து எபிசோடில் முடிவது மட்டும் ஜப்பான் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் என்று மூன்று மாதத்துக்கு ஒரு முறை புதுத் தொடர்கள் வருகிற வழக்கம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம் ஜப்பானின் பொது ஒளிபரப்பு நிறுவனமான என்எச்கே 1961 முதல் நடத்திவரும் காலைத் தொடர், நாளுக்குப் பதினைந்து நிமிடம். ‘ஓஷின்’ அந்த வரிசையில் வந்ததுதான். 1983 ஏப்ரலில் தொடங்கி ஒரு வருடம் ஓடியது, 297 எபிசோட். சராசரியாக 52.6 சதவீத வீடுகளில் பார்த்தார்கள். இலங்கையில் ரூபவாகினியில் அதைப் பார்த்து வளர்ந்தவர்கள் இன்றும் அந்தப் பெயரைச் சொன்னால் முகம் மாறுவார்கள். ஒரு மூட்டை அரிசிக்காக ஏழு வயதுப் பெண்ணை வேலைக்கு அனுப்புகிறார்கள். பனி கொட்டுகிற மொகாமி ஆற்றில் கட்டுமரத்தில் ஏறிப் போகிறாள். அந்தக் குழந்தை பேசுவது யமகாதா வட்டார வழக்கு.

வட்டார வழக்கு என்றதும் ‘அமச்சான்’ நினைவுக்கு வருகிறது, 2013இல் வந்த காலைத் தொடர். தோக்கியோவில் பிறந்த அகி, அம்மாவின் கடலோர ஊருக்கு வந்து முத்துக்குளிப்பதுபோல் கடல் முள்ளெலி எடுக்கப் பழகி, அந்த ஊர்ப் பேச்சையும் ஆசையாக ஒட்டிக்கொள்கிறாள். அதே ஊரில் வளர்ந்த அவள் தோழி யுயி தோக்கியோ போகத் துடிக்கிறாள், அவள் பேசுவது சுத்தமான தலைநகர் மொழி. யார் எங்கே வேர்விட நினைக்கிறார்கள் என்பதை ஒவ்வொரு வாக்கியமும் சொல்லிக்கொண்டே இருக்கும். நாஞ்சில் பேச்சும் கோவைப் பேச்சும் காதிலேயே பிரிகிற நமக்கு இது எவ்வளவு பெரிய விருந்து! சப்டைட்டிலில் இரண்டு பேரும் ஒரே ஆங்கிலம் பேசுகிறார்கள்.

டப்பிங் பற்றி என் பயம் இதுதான். ஜப்பானிய வசனத்தைக் கேட்டு எழுதினால் தமிழைப்போல் பொருத்தமான மொழி கிடைப்பது அரிது. ஆங்கில வரியைக் கையில் வைத்துக்கொண்டு எழுதினால், எழுதுபவர் ஒவ்வொரு ‘யூ’வுக்கும் நீயா நீங்களா என்று ஊகிக்க வேண்டும். ஹிராமஸா மிகுரியை ‘நீ’ என்று சொல்லிவிட்டால் அந்தத் தொடர் அங்கேயே செத்துவிடும். ஆகையால் காத்திருக்காதீர்கள். மொழி முழுவதும் படிக்க வேண்டும் என்பதும் இல்லை. ஒரு நோட்டு எடுத்து, கூப்பிடும் சொற்களையும் வாக்கிய முடிவுகளையும் மட்டும் எழுதி வாருங்கள். ஐம்பது சொல் சேரும்போது உங்களுக்கே தெரியும்.

நீங்கள் ஆரம்பித்த இடத்துக்கே வருகிறேன். மிட்நைட் டைனர் கடை நள்ளிரவு பன்னிரண்டுக்குத் திறந்து காலை ஏழு வரை. மெனுவில் பன்றிக்கறி சூப்புச் சாப்பாடும் மதுவும் மட்டும், மற்றதை வருபவர் கேட்டால் கைவசம் பொருள் இருந்தால் செய்து கொடுப்பார். கடைக்காரருக்கு ஒரு கண் மேல் நீளமான தழும்பு. 2009இல் முதல் சீசன் வந்தது. ஐந்து சீசன், ஐம்பது எபிசோட், அந்தத் தழும்பு எப்படி வந்தது என்று யாரும் விளக்குவதில்லை. வாடிக்கையாளர்கள் ஒருவர்கூட அவர் பெயரைச் சொல்ல மாட்டார்கள். ‘மாஸ்டர்’ என்றுதான் கூப்பிடுவார்கள். நம் டீக்கடையில் கூப்பிடும் அதே மாஸ்டர்.

ஒரு நாள் அதில் ஒரு எபிசோடைச் சப்டைட்டிலை அணைத்துவிட்டு உங்கள் கணவரோடு உட்கார்ந்து பாருங்கள். யாராவது கதவைத் தள்ளிக்கொண்டு வந்து “மாஸ்டர்” என்று கூப்பிட்டுத் தனக்கு வேண்டியதைக் கேட்கும் இடத்தில் நிறுத்தி, என்ன நடக்கிறது என்று இந்த முறை நீங்கள் அவரிடம் கேளுங்கள். அவர் சொன்னதை எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா