மொரிஸ் மைனரின் கறள் பிடித்த போல்ற்றுகளை எறிந்துவிடலாமா?

கேள்வி: அப்பப்பாவின் 1960ஆம் ஆண்டு மொரிஸ் மைனர் பருத்தித்துறை வீட்டில் நான்கு வருடமாக ஓடாமல் நிற்கிறது. பெற்றோல் தாங்கியைக் கழற்றிப் பார்த்தேன். தாங்கியைப் பிடிக்கும் போல்ற், குழாய்க் கிளிப், பெற்றோல் அளவை ஊசிக்குச் சொல்லும் மிதவை அலகின் திருகாணிகள் எல்லாம் ஒரே கறள். இரண்டு போல்ற் முறிந்தும் போயின. புதிதாக வாங்கிப் பூட்டவா, பழையதைத் திருத்தலாமா? திரும்பக் கறள் ஏறாமல் இருக்க என்ன செய்யலாம்?

பதில்: முதலில் ஒன்று. கழற்றியதை எறிந்துவிடாதீர்கள், முறிந்த இரண்டையும் சேர்த்துத்தான். இரும்புக் கடையில் இன்று கிடைப்பது மில்லிமீற்றர் புரி. உங்கள் காரில் இருப்பது அங்குலப் புரி. கால் அங்குல யு.என்.எஃப். (அங்குல அளவு நுண்புரி) போல்ற் 6.35 மி.மீ. தடிப்பு, ஒரு அங்குலத்தில் 28 புரி. கடைக்காரர் தரும் எம்6, அதாவது 6 மி.மீ. போல்ற், அதற்குப் பக்கத்துவீட்டுப் பிள்ளை மாதிரி இருக்கும், ஆனால் நட்டுக்குள் சரியாகக் கடிக்காது. சின்னதானபடியால் ஆடிக்கொண்டே ஏறும், கொஞ்சம் இறுக்கினால் புரி உரிந்துவிடும். 5/16 அங்குலத்துக்குப் பதிலாக எம்8 வைத்தால் இரண்டு சுற்றிலேயே இறுகிப்போகும். அதை ஸ்பானர் போட்டு முறுக்கி முடித்தால் தாங்கிப் பக்கத்துப் புரியும் போச்சு. சந்தேகமென்றால் தலையைப் பாருங்கள். கால் அங்குல யு.என்.எஃப். தலைக்கு 7/16 ஸ்பானர், எம்6 தலைக்கு 10ஆம் இலக்கம். பம்பிலும் காபரேற்றரிலும் இன்னும் வேறு பழைய புரிகள் உண்டு. அதனால் ஒவ்வொன்றையும் எங்கிருந்து எடுத்தீர்களோ அந்தப் பெயரை எழுதி, யோகட் கோப்பைகளில் தனித்தனியே போட்டு வையுங்கள்.

மீதி போல்ற்றுகள் இனி முறியாமலிருக்க: ஊடுருவும் எண்ணெய் அடித்து இரண்டு மூன்று நாள் பொறுங்கள். பிறகு கழற்றும் பக்கம் திருப்புவதற்கு முன் இறுக்கும் பக்கம் மயிரிழை அளவு அசைத்துப் பாருங்கள். கறளின் பிடி அப்போதுதான் விடும். தாங்கிப் பக்கத்தில் நெருப்பால் சூடாக்குவது, கிறைண்டர் பிடிப்பது இரண்டும் வேண்டாம். நிறைந்த தாங்கியைவிட வெறும் தாங்கிதான் பயங்கரம், உள்ளே நிற்பது ஆவி. பற்றரியையும் முதலே கழற்றுங்கள். யாரும் மாற்றியிராவிட்டால் உங்கள் மைனரில் பொடிக்கு, அதாவது காரின் உடலுக்கு, போகும் வயர் நேர்முனை, அதைத்தான் முதலில் எடுக்க வேண்டும்.

கறள் எடுக்க விலை கூடிய மருந்து தேவையில்லை. மண்ணெண்ணெயில் கழுவி, சவர்க்காரத் தண்ணீரில் எண்ணெய்ப் பிசுக்கை முழுதாக எடுங்கள். பிசுக்கு இருந்தால் அமிலம் இரும்பைத் தொடாது. அப்புறம் சாதாரண வெள்ளை வினாகிரி மூடும் அளவுக்கு ஊற்றி ஓர் இரவு விடுங்கள். காலையில் கறள் கறுத்த சேறாகிக் கையோடு வரும், பித்தளைத் தூரிகையால் உரசினால் போதும். இரும்பை மட்டும் போடுங்கள். பித்தளை யூனியனையும் (குழாயைப் பொருத்தும் இணைப்பு) இரும்புப் போல்ற்றையும் ஒரே கோப்பையில் ஊறவிட்டால், மறுநாள் போல்ற் இளஞ்சிவப்பாகச் செம்பு பூசி எழும்பும். வடிவாகத்தான் இருக்கும், ஆனால் அந்தச் செம்புப் படலம் கறளை இன்னும் வேகமாக வரவைக்கும். காபரேற்றரின் அலுமினிய வார்ப்பு, பம்பின் வார்ப்பு இரண்டையும் வினாகிரிப் பக்கமே கொண்டுபோகாதீர்கள்.

அந்தக் காலத்துச் சின்ன உதிரிகள் சிலவற்றில் கட்மியம் முலாம் இருந்திருக்கலாம். அது நஞ்சு. ஆகவே உலரவைத்து சாண்ட் பேப்பரால் தேய்க்காதீர்கள். ஊறிய வினாகிரியையும் வடித்த பழைய பெற்றோலையும் கிணற்றடியில் ஊற்றவே கூடாது. எங்கள் நிலம் சுண்ணாம்புக்கல், மேலே ஊற்றுவது கீழே குடிதண்ணீருக்குத்தான் போகும். ஒரு கலனில் மூடி வைத்து, கழிவெண்ணெய் எடுக்கும் கராஜில் கேட்டுப் பாருங்கள்.

இனித்தான் வேலையே. வினாகிரியிலிருந்து எடுத்த இரும்பு உடுப்பில்லாத பிள்ளை மாதிரி. கடற்காற்றில் கால் மணித்தியாலம் விட்டாலே செம்மஞ்சள் படரும். எடுத்தவுடன் அப்பச்சோடாக் கரைசலில் முக்குங்கள், மிஞ்சிய அமிலம் அதில் செத்துப்போகும். பிறகு நல்ல தண்ணீரில் அலசுங்கள். பருத்தித்துறைப் பக்கம் பல கிணறுகளில் உவர். உவர்த் தண்ணீரில் கழுவினால் கறளுக்கு விதை போட்டமாதிரி. கடைசி அலசலுக்கு மழைத்தண்ணீரோ பற்றரிக்கு விடும் தண்ணீரோ போதும். துணியால் துடைத்து, உச்சி வெயிலில் காய்ந்த தகரத்தில் பரப்புங்கள். கையால் தொட்டால் சுடும் நேரத்தில் எண்ணெய் தடவி எடுத்துவிடுங்கள்.

நிரந்தரப் பூச்சு என்றால் போல்ற், நட், கிளிப்புகளுக்கு நாக (துத்தநாக) மின்முலாம்தான் சரி. மஞ்சள் நிறத்தில் செய்து தரச் சொல்லுங்கள், வெள்ளையைவிடக் கூட நாள் தாங்கும். குரோமியம் வேண்டாம், மினுக்கத்துக்கு மட்டும்தான். கொடுப்பதற்கு முன் எண்ணிக்கையை எழுதி வைத்துக்கொள்ளுங்கள், முலாம் தொட்டிக்குள் ஒன்றிரண்டு தொலைவது வழக்கம். முலாமுக்கு வழியில்லையென்றால் கொழுப்புக் கிறீஸ் பூசி வருடத்துக்கு ஒருமுறை பார்த்தாலே போதும். சுருள்வில்லுகளை அமிலத்திலும் முலாமிலும் போடாதீர்கள், கடின உருக்கு அதில் நொறுங்கும் தன்மை பெறும்.

தகட்டுப் பட்டிகளுக்கும் தாங்கியின் வெளிப்புறத்துக்கும் எப்பொக்சி பிறைமரும் இரு கலவைப் பெயின்ற்றும். சாதாரண ஸ்பிறே பெயின்ற் பெற்றோல் பட்டால் கரைந்துவிடும், முக்கியமாக ஊற்றும் வாய்ப் பக்கத்தில். தாங்கி பொடியின் அடியில் ஒட்டும் இடத்து ரப்பர் துண்டுகளைப் புதிதாக மாற்றுங்கள். பழையவை தண்ணீரைக் குடித்து வைத்திருக்கும், கறள் அங்கேயிருந்துதான் தொடங்கும்.

பெயின்ற் அடிக்கும்போது ஓரிடத்தை மட்டும் வெறுமையாக விடுங்கள். எனக்கு நடந்த கதையைக் கேளுங்கள். மிதவை அலகின் திருகாணியிலிருந்து தாங்கியைப் பிடிக்கும் போல்ற் வரைக்கும் நான் அழகாகக் கறுப்புப் பெயின்ற் அடித்தேன். பெற்றோல் காட்டும் ஊசி பொய் சொல்லத் தொடங்கியது, நான் நம்பினேன். வல்லை வெளியில், உச்சி வெயிலில், ஒரு மரம்கூட இல்லாத இடத்தில் கார் நின்றுவிட்டது. அளவுமானிக்கு நில இணைப்பு தாங்கியினூடாகத்தான் போகிறது. பெயின்ற் அதை வெட்டிவிட்டது. ஆகவே மிதவை அலகில் ஒரு திருகாணியின் அடியும், தாங்கியில் ஒரு போல்ற்றின் அடியும் பளிச்சென்ற இரும்பாக இருக்கட்டும். பூட்டிய பிறகு மேலே வசிலின் தடவிவிடுங்கள்.

குழாயின் இரும்புப் பகுதி உட்பக்கமும் கறளாக இருக்கும், அதைத் திருத்த நேரம் செலவழிக்க வேண்டாம், செம்பு-நிக்கல் குழாய் போடுங்கள். வெறும் செம்பு அதிர்வில் வெடிக்கும். யூனியன்களில் உள்ள ஃபைபர் வொஷர்களை ஒவ்வொரு தடவையும் புதிதாக மாற்றுங்கள், இரண்டாம் தடவை அவை பிடிக்கா. பெற்றோல் கிடைக்காத தொண்ணூறுகளில் மண்ணெண்ணெயில் ஓடிய காரானால், தாங்கியின் அடியிலும் பம்பின் அடியிலுள்ள வடிகட்டியிலும் பிசின் மாதிரி ஒரு படிவு இருக்கும். அறுகோணப் பித்தளை மூடியைக் கழற்றினால் வடிகட்டி வெளியே வரும்.

எல்லாம் பூட்டியபின் எஞ்சினை உடனே தொடக்காமல் சாவியை மட்டும் திருப்புங்கள். பம்ப் டிக் டிக் என்று அடித்து, காபரேற்றரின் மிதவைக் கிண்ணம் நிறைந்ததும் நிற்க வேண்டும். நிற்காமல் அடித்துக்கொண்டே இருந்தால், ஒவ்வொரு யூனியனுக்குக் கீழும் வெள்ளைத் தாள் பிடித்துப் பாருங்கள். ஈரம் எங்கேயாவது இருக்கலாம்.